அன்றைய பாடத்தில் விட்டுப்போன ஒரு வரி



டிசம்பர் 1 அன்று நம் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி சிவப்பு ரிப்பன் படம் போட்டிருந்தாள். அதற்குக் கீழே இன்னொருத்தி, "இந்த நோயெல்லாம் இப்ப எங்கடி இருக்குது? புள்ளிராஜா காலத்தோட போயிருச்சு" என்று எழுதி ஒரு சிரிப்பு பொம்மையும் வைத்தாள். நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். நான் பதில் எதுவும் போடவில்லை. அந்தக் குழுவில் இல்லாத ஒருத்தியின் நினைப்பு வந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்தியவள் நான். பானிபட் போருக்குக் காரணம் ஐந்து, விளைவு ஐந்து என்று உங்களை எழுத வைத்தவள். ஆனால் நம் காலத்திலேயே, நம் ஊர்களிலேயே நடந்த ஒரு வரலாற்றை வகுப்பில் நான் சரியாகச் சொன்னதில்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நல்ல பங்கு அல்ல.

முதலில் ஒரு வார்த்தை. இதில் வரும் பெண் யார் என்று தேடாதீர்கள். நான் நான்கு பள்ளிகளில் வேலை பார்த்தவள். ஊரும் வருஷமும் சில விவரங்களும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். பதிவிடும் முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "போடுங்க டீச்சர்" என்று அவள் சொன்ன பிறகே போடுகிறேன்.

வரலாற்றை 1986-லிருந்து தொடங்க வேண்டும். அப்போது எய்ட்ஸ் என்பது அமெரிக்கா நோய், நம் நாட்டுக்கு வராது என்றுதான் பத்திரிகைகள்கூட எழுதின. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனுக்கு மட்டும் அந்த நம்பிக்கை இல்லை. தன்னிடம் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், ஆராய்ச்சிக்கு இதையே எடுத்துக்கொள் என்றார். நிர்மலா சிறிய ஊரிலிருந்து வந்தவர், இரண்டு குழந்தைகளின் தாய். தயங்கினார். பிறகு ஒத்துக்கொண்டு, பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபட்ட பெண்களை வைத்திருந்த மயிலாப்பூர் காப்பகத்துக்குப் போய் ரத்த மாதிரி எடுத்தார். சேர்த்து வைக்கச் சரியான வசதி இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். 80-க்கும் மேல் சேர்ந்ததும் ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள். பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. அமெரிக்காவுக்கு அனுப்பி மறுபடியும் உறுதி செய்தார்கள். சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது.

பொது அறிவுப் புத்தகங்களில் "இந்தியாவில் முதல் எய்ட்ஸ் நோயாளி எங்கு கண்டறியப்பட்டார்? விடை: சென்னை" என்று ஒரு கேள்வி வரும். நானும் உங்களை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அந்த ஆறு பேரில் ஒருத்திக்கு வயது 13 என்பது அதில் இருக்காது. கடத்திக்கொண்டுபோய் விற்கப்பட்ட சிறுமி அவள் என்று சுனிதி சாலமன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாம் "விடை: சென்னை" என்று எழுதிய இடத்தில் எட்டாம் வகுப்பு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள்.

அதன் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. 1992-ல் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கியது. 1994-ல் மாநில அளவில் தனிச் சங்கம் அமைத்ததில் தமிழ்நாடுதான் முன்னோடி. சுவர் விளம்பரம், தெருநாடகம், லாரிப்பேட்டைகளில் கூட்டம் எல்லாம் நடந்தன. 2003-ல் ஊரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று போஸ்டர். யார் அந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் பேசாத ஆள் இல்லை.

இந்தப் பிரசாரங்களை நான் குறை சொல்ல வரவில்லை. பலன் கிடைத்தது. 2006-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயதுப் பெண்களிடம் தொற்று 2000-ல் 1.7 சதவீதமாக இருந்தது, 2004-ல் 1.1 ஆகக் குறைந்தது. ஆண்கள் எச்சரிக்கையானதால் பல இளம் பெண்கள் தப்பித்தார்கள்.

ஆனால் அந்தப் பிரசாரம் முழுக்க, இன்னும் நோய் வராதவர்களைப் பார்த்துப் பேசியது. ஏற்கெனவே உடம்பில் கிருமியோடு இருப்பவர்களுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. அதிலும் பிறக்கும்போதே தாயிடமிருந்து வாங்கிக்கொண்ட பெண் குழந்தைக்கு எதுவுமே இல்லை. புள்ளிராஜா போஸ்டரை அவளும்தான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள்.

நம் பக்கத்து நிலவரம் உங்களுக்குத் தெரியும். 1925-ல் ஒரு சிறு பின்னலாடைப் பட்டறையில் தொடங்கிய திருப்பூர், 1980-களில் ஏற்றுமதியில் இறங்கிய பிறகு படுத்துத் தூங்காத ஊராகிவிட்டது. மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பிறகு ஒடிசா, பீகார். இரவு ஷிப்ட், லைன் வீடு, சனிக்கிழமை சம்பளம். துணி ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்வரும் லாரிகள். வீட்டைவிட்டு மாதக்கணக்கில் தள்ளி இருக்கும் ஆண்கள். எந்தத் தொழில் நகரத்திலும் இந்தத் தொற்று இப்படித்தான் பரவியிருக்கிறது. ஆண் கொண்டுவந்தான், மனைவிக்கு வந்தது, அவள் வழியாகக் குழந்தைக்கு வந்தது. ஆனால் "இவ வந்த நேரந்தான் எம் பையன் போயிட்டான்" என்ற பேச்சு மட்டும் மனைவியின் தலையில் விழுந்தது.

என் மாணவியின் அப்பா அப்படி ஒரு லாரி டிரைவர். அவள் ஐந்து வயதாக இருக்கும்போது இறந்தார். மூன்று வருஷத்தில் அம்மாவும். அப்பா வீட்டில் அந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அம்முச்சிதான் கூட்டிவந்து வளர்த்தார். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை அந்தப் பாட்டிக்கு. பிள்ளை என் வகுப்புக்கு வந்தபோது மற்றவர்களைவிட ஒரு சாண் குள்ளமாக இருந்தாள். மாதத்தில் ஒருநாள் தவறாமல் லீவு. கேட்டால் "ரத்தம் கம்மிங்க டீச்சர், கோயமுத்தூர் போய் மாத்திரை வாங்கோணும்" என்பாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். நான் சந்தேகப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆசிரியர் அறையில் பேச்சு இருந்தது. நான் கேட்டும் கேட்காததுபோல இருந்தேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது எய்ட்ஸ் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் வளரிளம் பருவக் கல்வியே வேண்டாம் என்று தடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் மாநிலத்தில் வகுப்பாவது நடக்கிறதே என்று எனக்குப் பெருமை. கையேட்டை வைத்துக்கொண்டு வேகவேகமாக நடத்தினேன். பெண் பிள்ளைகள் முன்னால் இதைப் பேசக் கூச்சம். கூச்சத்தை மறைக்கக் குரலை உயர்த்தினேன். "ஒழுக்கமில்லாமல் நடந்தால் வரும் நோய் இது. ஒழுக்கமாக இருந்தால் பயமில்லை. வந்தால் மருந்தில்லை, சாவுதான்" என்று முடித்தேன். கையேட்டில் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் என்று ஒரு வரி இருந்தது. மணி அடிக்கப் போகிறது என்று அதைத் தாண்டிவிட்டேன்.

கரும்பலகையில் எச்.ஐ.வி. என்று பெரிதாக எழுதியிருந்தேன். அவள் கோவையில் மாதாமாதம் உட்காரும் வராந்தாவின் சுவரிலும் அதே எழுத்து இருந்தது. இரண்டையும் அவள் சேர்த்துப் படித்துவிட்டாள். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே.

அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து வராதவள் என்று எழுதி, கொஞ்ச நாள் கழித்துப் பெயரை அடித்தேன். வீடு நடந்து போகிற தூரம்தான். போகவில்லை. போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், அந்தக் குடும்பத்துக்குத்தான் சங்கடம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

நான் வகுப்பில் "மருந்தில்லை" என்று சொன்னபோதே மருந்து இருந்தது. அவளே தின்றுகொண்டிருந்தாள். அந்த மருந்து நம் ஊருக்கு வந்த கதைதான் நான் நடத்தியிருக்க வேண்டிய வரலாறு.

அதில் முதலில் பெண்களைச் சொல்ல வேண்டும். நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி என்ற இளம் பெண்ணை 1995-ல் சொந்தத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை லாரி டிரைவர். கல்யாணமான சில வாரங்களில் அவருக்கும் தொற்று என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்கள் ஒன்று மூலையில் கிடந்து செத்தார்கள், அல்லது வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். கௌசல்யா பெயரும் முகமும் மறைக்காமல் வெளியே வந்து பேசினார். 1998-ல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களைச் சேர்ந்த 18 பெண்கள் சேர்ந்து சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களே நடத்தும் அமைப்பு. சொத்துரிமை, பிள்ளைகள் படிப்பு, மருத்துவமனையில் மரியாதை இவற்றைக் கேட்டார்கள். இரக்கப்படுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

இரண்டாவது, மருந்தின் விலை. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இந்தக் கிருமியை அடக்கிவைக்கலாம் என்று 1996-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-ல் நம் நாட்டு சிப்லா கம்பெனி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதை 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் இந்திய ஏழைக்கு அந்த 350 டாலரும் எட்டாத தொகைதான். 2004 ஏப்ரல் 1 அன்றுதான் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் தொடங்கிய எட்டு இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 1928-ல் காசநோய்க்காகக் கட்டிய அந்த ஆஸ்பத்திரி, மற்ற இடங்களில் தொடவே தயங்கிய காலத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது.

குழந்தைகளுக்கு அதுவும் போதவில்லை. பெரியவர்கள் மாத்திரையை உடைத்து உடைத்துக் கொடுத்தார்கள். 2006 நவம்பர் 30 அன்றுதான் குழந்தைகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. என் மாணவி அந்தத் திட்டத்தின் பிள்ளை. காலையும் இரவும் மாத்திரை. 2009-ல் தமிழ்நாடு அரசு, எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 5 கோடி ரூபாய் வைப்புத்தொகையோடு ஓர் அறக்கட்டளை அமைத்தது. அதன் வட்டியிலிருந்து படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவி. அவள் பள்ளியில் இருந்திருந்தால் அவளுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கலாம். அதற்குள் நான் அவள் பெயரை அடித்துவிட்டேன்.

மருந்து வந்துவிட்டது, குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். இனி என்ன கவலை என்று தோன்றும். உண்மையில் கஷ்டம் அதன் பிறகுதான். சாகும் என்று எதிர்பார்த்த குழந்தைகள் சாகாமல் வயதுக்கு வந்தார்கள். அதற்கு யாரும் தயாராக இல்லை. பன்னிரண்டு வயதுவரை பாட்டி கையில் மாத்திரையை வைத்து முழுங்கு என்றால் முழுங்கும் பிள்ளை, பதினான்கில் ஏன் என்று கேட்கும். உண்மை தெரிந்ததும் கோபம் வரும். யார்மேல் என்று தெரியாத கோபம். மாத்திரையை ஜன்னல் வழியாக எறியும். உலகம் முழுக்க மருத்துவர்கள் பார்த்தது இதுதான். சிறு குழந்தைகளும் பெரியவர்களும் ஒழுங்காக மாத்திரை எடுத்துக்கொள்ள, நடுவிலிருக்கும் வளரிளம் பருவத்தினர் விட்டுவிடுகிறார்கள். பெண் பிள்ளை என்றால் கூடுதலாகக் கல்யாணம், குழந்தை, ஊர்ப்பேச்சு எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

என் மாணவியும் விட்டுவிட்டாள். ஏழு மாதம். பாட்டி அவளை மில் ஹாஸ்டலில் சேர்க்க நினைத்தார். மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று நம் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் நடந்ததே, அதில். ஆனால் ஹாஸ்டலில் நினைத்த நேரத்துக்கு வெளியே விடமாட்டார்கள், மாதாமாதம் கோவை போக முடியாது. அதனால் பாட்டி வேலை செய்த இடத்திலேயே பிசிறு வெட்ட உட்கார்ந்தாள். எடை குறைந்து, காசநோய் வந்து, படுக்கையில் விழுந்தாள்.

அவளை மீட்டது நானோ, பள்ளியோ அல்ல. மாத்திரை மையத்தில் மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்கு நடக்கும் கூட்டத்துக்கு வந்த ஓர் அக்கா. அவரும் தொற்றுள்ளவர். வீடு தேடி வந்து, அவள் சாப்பிட்ட தட்டிலேயே தானும் சாப்பிட்டு, தன் மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டி, "பத்து வருஷமா இதைத்தான் முழுங்கறேன், சாகறவ மாதிரியா இருக்கறேன்?" என்று கேட்டாராம். "டாக்டர் சொன்னப்ப நம்பலீங்க டீச்சர். அந்தக்கா சொன்னப்ப நம்புனேன்" என்றாள்.

ஜிம்பாப்வே நாட்டில் இதே அனுபவத்தை ஒரு திட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 2004-ல் ஹராரே நகரத்தில் எச்.ஐ.வி.யோடு வாழும் சில வளரிளம் பிள்ளைகள் தாங்கள் கூடிப் பேச ஓர் இடம் கேட்டதில் தொடங்கியது அது. பெயர் ஸ்வாந்திரி. அவர்கள் மொழியில் "நான் இருக்கிறபடியே" என்று பொருள். தொற்றோடு வாழும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தம்பி தங்கைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்க வைக்கிறார்கள். மாத்திரை, படிப்பு, மனக்கஷ்டம் எல்லாம் பேசுகிறார்கள். மற்ற ஆப்பிரிக்க நாடுகளும் இதைப் பின்பற்றுகின்றன. இந்த நோய் போய்விட்டது என்று குழுவில் சிரித்தவர்களுக்கு ஒரு கணக்கு: 2022-ல் உலகத்தில் வாரத்துக்குச் சுமார் 4,000 வளரிளம் பெண்களுக்கும் இளம் பெண்களுக்கும் புதிதாகத் தொற்று வந்தது என்கிறது ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு.

அவளை நான் மறுபடி பார்த்தது இரண்டு வருஷம் முன்பு, அரசு மருத்துவமனையில். நான் பி.பி., சர்க்கரை மாத்திரை வாங்க வரிசையில் நின்றேன். "டீச்சர்" என்று கூப்பிட்டாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கையில் ஒரு சிறுமி. தன் பெயரைச் சொன்னாள். நான் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடி நின்றேன். அவளே, "நீங்களும் தெனமும் மாத்திரைங்களா?" என்று சிரித்தாள். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம்.

இப்போது செக்கிங் பிரிவில் வேலை. இரவு ஒரே ஒரு மாத்திரை. மாத்திரை டப்பா பையில் குலுங்கினால் சத்தம் வரும் என்று கம்பெனியில் கிடக்கும் கட்டிங் வேஸ்ட் துணியை டப்பாவுக்குள் திணித்து வைத்துக்கொள்கிறாளாம். பதினைந்து வருஷப் பழக்கம். கணவரும் தொற்றுள்ளவர், மாத்திரை மையத்தில் பழக்கமான குடும்பம். சுனிதி சாலமன் 1993-ல் தன் தந்தை ஒய்.ஆர். கெய்டொண்டே பெயரில் தொடங்கிய மருத்துவமனையில், தொற்றுள்ள பையன்களுக்கும் பெண்களுக்கும் அவரே வரன் பார்த்து வைப்பார் என்று படித்திருந்தேன். மருத்துவம் பார்த்ததோடு தாய் செய்யவேண்டிய வேலையையும் செய்திருக்கிறார் அந்த அம்மா. 2015-ல் காலமானார்.

கையிலிருந்த சிறுமியைப் பார்த்தேன். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "பாப்பாவுக்கு இல்லீங்க டீச்சர். ஒன்றரை வயசுல கடைசி டெஸ்ட் பாத்துட்டாங்க." 2014 முதல் நம் நாட்டில் தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கூட்டு மருந்து தொடர்ந்து கொடுக்கிறார்கள். மருந்தே இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தாயிடமிருந்து வரும். மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஐந்துக்கும் கீழே போய்விடும். 2017 முதல் தொற்று தெரிந்த உடனே எல்லோருக்கும் சிகிச்சை. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவு மூலம்கூட அடுத்தவருக்குப் பரவாது.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது நினைவிருக்கும். கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தில் தொற்று. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு வயது 19. தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் அவரே ஓடிவந்து தகவல் சொன்னார். ஆனால் ஊர் என்ன சொல்லுமோ என்று விஷம் குடித்து, மாதக் கடைசியில் இறந்துபோனார். ஜனவரியில் அந்தப் பெண்ணுக்கு மதுரையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை. மருந்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றிவிட்டது. அந்தப் பையனைக் காப்பாற்ற மருந்து மட்டும் போதவில்லை. என்னைப்போல எத்தனை ஆசிரியர்கள் எத்தனை வகுப்புகளில் "ஒழுக்கமில்லாமல் நடந்தால் வரும்" என்று சொல்லியிருப்போம் என்று அன்று செய்தியைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன்.

மரத்தடியில் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க என்னைத் திட்டலியே டீச்சர். ஆனா அன்னிக்கு ஒரே ஒரு வரி சேத்திச் சொல்லீருந்தீங்கன்னா நான் பத்தாவதாச்சும் முடிச்சிருப்பேன்" என்றாள். எந்த வரி என்று நான் கேட்கவில்லை. தாண்டிவிட்ட வரி எனக்குத் தெரியும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்களில் பலர் பனியன் கம்பெனி நடத்துகிறீர்கள், ஹெச்.ஆர். வேலையில் இருக்கிறீர்கள், ஆசிரியராகவும் நர்ஸாகவும் இருக்கிறீர்கள். 2017-ல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்க்க எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்கக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையைவிட்டோ, பள்ளியைவிட்டோ அனுப்பக் கூடாது. ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் கேட்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தொற்றுள்ள பெண்ணையும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையையும் குடும்ப வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். அந்தப் பாட்டி தனியாகச் சுமந்ததை இன்று சட்டம் உரிமை என்கிறது.

சட்டத்துக்கு வெளியேயும் செய்யலாம். மாத்திரை மையம் வேலை நாட்களில் பகலில்தான் திறந்திருக்கும். பீஸ் ரேட்டில் இருக்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி போய்விடும். "எதுக்கு லீவு" என்று துருவாமல் அரைநாள் விடுங்கள், போதும். கொரோனா ஊரடங்கில் இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார்கள், அப்போது பலருக்கு மூச்சு வந்தது. ஆசிரியராக இருப்பவர்கள், ஒரு பிள்ளை வராமல் நின்றால் வீட்டுக்குப் போங்கள். ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பிள்ளையைக் கைவிட்டவள் சொல்கிறேன். காரணம் கேட்க வேண்டாம், "நாளைக்கு வந்துரு கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். சந்தேகம் இருப்பவர்கள் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம், ரகசியம் காப்பார்கள். 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் காசில்லாமல் விவரம் சொல்வார்கள்.

அன்று மணி அடிப்பதற்குள் நான் படிக்காமல் விட்ட வரியை இங்கே எழுதிவிடுகிறேன். எத்தனையோ வருஷம் தாமதம்தான். என் வகுப்பில் அன்று உட்கார்ந்திருந்த எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. பிறக்கும்போதே தாயிடமிருந்து வரலாம். அது அந்தக் குழந்தையின் தவறும் அல்ல, தாயின் தவறும் அல்ல. மருந்து இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் படிக்கலாம், வேலை பார்க்கலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், கிழவியாகும்வரை வாழலாம்.

அவள் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. போன வாரம் போனில் பேசினாள். வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் ஒப்பித்தாள். பதின்மூன்றில் ஒரு இடத்தில் தடுக்கியது, திருத்தினேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்